கொடுத்த தாம்பாளத்தைத் திரும்பக் கேட்டது

1

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் ஊர்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவன் நான். ஆண்டுதோறும் வரும் நம் ஊரின் இந்த மலரில் எழுதுகிறவர்கள் ஆசிரியர்கள், அதிகாரிகள். நானோ சிங்கப்பூரில் பூன் லேயில் குடியிருந்துகொண்டு ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மலர்க்குழுவினர் பல வருடமாகக் கேட்டும் நான் தட்டிக் கழித்ததற்கு அதுதான் காரணம்.

இப்போது எழுதுவது என் தங்கையின் போனால். போன மாதம் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே? கயல போலீசு புடிச்சு வெச்சிருக்காமே?"

"யாரு சொன்னா?"

"பால் சொசைட்டியில பேசிக்கிட்டாங்க. யாருக்கோ நல்ல பல்லப் புடுங்கிப்புட்டாளாம். சிங்கப்பூர்ல அதுக்குப் பிரம்படியாமே."

என் மகள் கயல்விழி யாருக்கும் பல் பிடுங்கவில்லை. போலீஸ் வரவில்லை. பெண்களுக்கு இங்கே பிரம்படியும் கிடையாது. ஆனால் அவள் வேலை போய்விடுமோ என்று பல மாதங்கள் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்பது உண்மை. போன வெள்ளிக்கிழமைதான் முடிவு தெரிந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பால் சொசைட்டிக்கும் இந்த மலர் போகும் என்று நினைக்கிறேன்.

2

கயலை நீங்கள் எல்லோரும் பல் டாக்டர் என்கிறீர்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் டாக்டர் இல்லை. பாலிடெக்னிக்கில் படித்து, பல்லில் படியும் காரையைச் சுரண்டி எடுக்கவும், ஈறு நோய்க்குப் பார்க்கவும், சின்னப் பிள்ளைகளின் சொத்தையை அடைக்கவும் தகுதி பெற்றவள். அவளுக்கு மேலே ஒரு பல் மருத்துவர் இருந்தாக வேண்டும். பெரியவர்களின் வாயை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே இவள் கை வைக்கலாம். தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்வதே இங்கே குற்றம்.

இதற்கென்று ஒரு மன்றம் இருக்கிறது. பல் மருத்துவர்களின் பெயரும் கயல் மாதிரி ஆட்களின் பெயரும் அதன் பதிவில் இருக்கும். பதிவில் பெயர் இருந்தால்தான் வேலை. சான்றிதழைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க, வேலைக்கு நடுவே வகுப்புகளுக்குப் போய்ப் புள்ளி சேர்க்க வேண்டும். யாராவது சத்தியம் செய்து புகார் எழுதிக் கொடுத்தால் மன்றத்தில் ஒரு குழு அதை எடுத்துப் பார்க்கும். தவறு இல்லையென்றால் தள்ளிவிடும். சின்னதென்றால் அறிவுரைக் கடிதம். அதற்கு மேலே எச்சரிக்கை. பெரிதென்றால் முறையான ஒழுங்கு விசாரணை. அதன் முடிவில் அபராதம் வரலாம், சில காலம் தொழில் செய்யாதே என்று நிறுத்தலாம், பெயரையே எடுத்துவிடலாம். இந்தப் படிகளை எல்லாம் நான் கயலிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டேன்.

நாங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோது என் அத்தை வாயைத் திறந்துகொண்டு கயல் முன்னால் வந்து உட்கார்ந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். கயல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "இங்க நான் ஒண்ணும் பாக்கக் கூடாது பாட்டி. பட்டுக்கோட்டையில டென்டிஸ்ட் கிட்ட போங்க" என்றாள். பெண்ணுக்குத் தலைக்கனம் என்று பேசினீர்கள். என் காதிலும் விழுந்தது. தலைக்கனம் இல்லை, பயம். அந்தப் பயம் அவளுக்குத் தொழிலோடு சேர்த்துக் கற்றுக்கொடுத்தது.

நம் பேருந்து நிலையத்துக்கு எதிரே பல் கட்டுகிறவர் ஒருவர் இருந்தாரே, கண்ணாடிப் பெட்டியில் பல் செட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு. என் அக்காவுக்குக் கடைவாய்ப் பல்லை எடுத்தார். தாடை வீங்கி, காய்ச்சல் கண்டு, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். அப்பா சண்டைக்குப் போனபோது கடை பூட்டியிருந்தது. கண்ணாடிப் பெட்டி அடுத்த ஊரில் இருக்கிறது என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லை. ஆகவே மன்றத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அது என் பெண்ணைக் கேள்வி கேட்டபோது பயந்தேன், அவ்வளவுதான்.

3

புகார் கொடுத்தவர் வேற்றாள் இல்லை. சோமு அண்ணன்.

லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைக்குப் பக்கத்துத் தெருவில், வெற்றிலை பாக்கு, தேங்காய், பூசைச் சாமான் விற்கிற கடை அவருடையது. நான் இந்த நாட்டுக்கு வந்து, சொன்ன வேலை இல்லாமல், கிராஞ்சிப் பக்கம் ஒரு விடுதியில் நாதியற்றுக் கிடந்தபோது, ஊர்ப் பெயரைக் கேட்ட ஒரே காரணத்துக்காக லாரியில் வந்து என்னைப் பார்த்தவர். இப்போதைய வேலைக்கு முதலாளியிடம் பேசிச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் கடை வாசலில் நின்று ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டு வராமல் எனக்கு வாரம் முடியாது.

அவருடைய பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். விற்பதும் வெற்றிலை, மெல்வதும் வெற்றிலை. வாய்க்குள் செங்கல் சுவர் மாதிரி இருக்கும். "சுத்தம் பண்ணுனா பல்லு ஆடிரும்டா" என்று, நம் ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொல்வார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவர் மனைவி மீனாட்சி அக்கா பிடிவாதம் பிடித்தார். போட்டோவில் இந்த வாயோடு நிற்கக் கூடாது. அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா கிட்ட கூட்டிட்டுப் போடா, தெரிஞ்ச கை" என்றார். கூட்டிப்போனேன்.

அந்தக் கிளினிக்கின் மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. அவர் முதலில் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, பிறகு கயலிடம் அனுப்பினார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை போய்வந்தோம். அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என் பல்லு வெள்ளைடா லிங்கம். எனக்கே தெரியாது" என்று சிரித்தார்.

கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டில் விருந்து. முறுக்கைக் கடித்தார். கீழ்வரிசை முன்பல் ஒன்று முறுக்கோடு வந்துவிட்டது. சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஒருவன் போனில் படம் பிடித்து அது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போயிற்று. அவருக்கு வலித்த இடம் பல் இல்லை.

அண்ணனுக்கு ஆங்கிலம் எழுத வராது. மன்றத்துக்குப் புகாரை மகன் பிரபா எழுதினான். பல் ஆடும் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை, சுரண்டியதால் நல்ல பல் கெட்டது. இரண்டு குற்றச்சாட்டு.

4

மன்றம் கயலிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. அவள் தொழிலுக்கான இன்சூரன்ஸ் நிறுவனம் ஒரு வழக்கறிஞரை ஏற்பாடு செய்தது. அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவாள். எல்லாம் ஆங்கிலம். நான் பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவேன். என் பெண்ணின் வாழ்க்கையைப் பற்றிய எழுத்து, எனக்கு ஒரு வரியும் புரியாது.

"என்னம்மா எழுதியிருக்க?"

"பல்லு ஆல்ரெடி லூஸ்ப்பா. காரைதான் சிமெண்ட் மாதிரி புடிச்சு வெச்சிருந்துச்சு. அத எடுத்தா ஆட்டம் தெரியும். எடுக்கலன்னா ஈறு இன்னும் மோசமாகும். சொல்லிட்டுதான் செஞ்சேன்."

"தமிழ்லயா சொன்ன?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீங்களுமாப்பா?"

அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் சந்தேகம் உள்ளே கிடந்தது. கயலின் தமிழ் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்ட தமிழ். அம்மாவோடு சமையலறையில் பேசுவாள், தோழிகளோடு ஆங்கிலம். அவள் ஏதோ சொல்லி, அண்ணன் ஏதோ புரிந்துகொண்டு தலையாட்டியிருந்தால்? கிளினிக் குறிப்பில் 'விளக்கப்பட்டது, நோயாளி சம்மதித்தார்' என்று மட்டும்தான் இருந்ததாம். எந்த மொழியில் என்று இல்லை.

வழக்கறிஞர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புகார் கொடுத்தவரோடு யாரும் பேசக் கூடாது. வீட்டார் உட்பட.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. காய்கறி வாங்க வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனேன். ஒரு நாள் அண்ணன் கடை வாசலில் நின்றவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கம் போனேன். அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னதுதான்: "கிராஞ்சியில நின்னப்ப இந்தக் கழுத்து நிமிந்துச்சு. இப்ப வலிக்குது போல."

5

என் மனைவி வசந்தாவின் அண்ணன் முருகேசன், கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையில் மேற்பார்வை. அவர் வந்தாலே தீர்ப்போடுதான் வருவார்.

"மாப்பிள்ள, மன்றம் கின்றம்லாம் அப்புறம். பெரியவர் மனசு நொந்திருக்கு. நம்ம சைடுலேர்ந்து யாராச்சும் போய் நின்னமா? ஒரு தாம்பாளம், நாலு பழம், ஒரு வேட்டி. முடிஞ்சு போச்சு."

"பேசவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மச்சான்."

"நாம பேசல. தட்டு பேசும்."

வசந்தா ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு எனக்குக் கிடங்கில் கணக்கெடுப்பு. மத்தியானம் வீடு திரும்பினால் வசந்தா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். முகம் மலர்ந்திருந்தது, பல மாதங்களுக்குப் பிறகு. முருகேசன் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, போயிட்டு வந்துட்டோம். சோமு அண்ணன் அழுதுட்டாரு. வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டாரு. நாளைக்கே பிரபாவ எழுதச் சொல்றாராம்."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. அந்த நேரத்தில் கயல் அறையிலிருந்து வந்தாள். அவளுக்கும் சொன்னார்கள். அவள் சிரிக்கவில்லை.

"என்ன கொடுத்தீங்க?"

"பழம்தான்டி. வெத்தல பாக்கு, பெரியப்பாவுக்கு ஒரு வேட்டி, பெரியம்மாவுக்குப் புடவ."

"அம்மா, கம்ப்ளெயின்ட் பண்ணவருக்கு கிஃப்ட் கொடுத்துட்டு வந்திருக்கீங்க. இப்ப அவர் வித்ட்ரா பண்ணா கமிட்டி என்ன நினைக்கும்? நான் அனுப்பினேன்னு நினைக்கும்."

"வாபஸ் வாங்கிட்டா அப்புறம் யாரு நினைக்கப் போறா?"

"அவர் வாங்கினாலும் அவங்க வேணும்னா கன்டினியூ பண்ணலாம்மா. பல்லு அவரோடது. ரெஜிஸ்டர் அவங்களோடது."

அவள் வழக்கறிஞருக்குச் செய்தி அனுப்பினாள். ஞாயிறு என்றாலும் பதில் சீக்கிரமே வந்தது. கொடுத்தது அத்தனையும் இன்றே திரும்ப வர வேண்டும். நடந்ததை மன்றத்துக்கு நாமே முந்திக்கொண்டு தெரிவிக்க வேண்டும். திரும்ப வாங்கப் போகிறவர் புகாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

நம் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நிச்சயத் தட்டைத் திருப்பி எடுத்தால் கல்யாணம் முறிந்தது என்று பொருள். சாவுக்கு எடுத்துப்போன கோடித்துணியைக்கூட யாரும் திருப்பி வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. திருப்பி எடுத்தால் வாபஸும் கிடையாது, உறவும் கிடையாது. எடுக்காவிட்டால் பதிவில் கயலின் பெயர் கிடையாது.

"நான் வரமாட்டேன்" என்றார் முருகேசன். "தட்டத் திருப்பி எடுக்குற வீடுன்னு தெரிஞ்சிருந்தா எந்தங்கச்சிய இங்க கொடுத்திருக்கவே மாட்டோம்."

"யாருக்குத் தெரியப் போவுது கயலு? சொல்லாம விட்டுரு" என்றாள் வசந்தா. கெஞ்சினாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் கயல். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் போக முடியாது. அவள் போனால் அது இன்னும் பெரிய தப்பு.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

6

ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். வேறு எங்காவது கொண்டுபோய் விட்டால் தேவலை என்று இருந்தது. டோபி காட் நிலையத்தில் இறங்கி ரயில் மாற வேண்டும். அங்கே கொஞ்ச நேரம் தூணோரம் நின்றேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். எல்லா வாக்கியமும் பாதியில் நின்றது.

அண்ணன் வீட்டில் கதவைத் திறந்தது மீனாட்சி அக்கா. "வா தம்பி, இப்பதான் வசந்தா வந்துட்டுப் போச்சு" என்று சிரித்தார். அண்ணன் புது வேட்டியைக் கட்டியிருந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"வாடா. கழுத்து சரியாயிருச்சா?" என்றார். குரலில் பழைய பிரியம் இருந்தது. முன்பல் இடத்தில் ஓட்டை.

"அண்ணே, வசந்தா கொண்டாந்த தாம்பாளத்த நான் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகணும்."

அவருக்குப் புரியவில்லை. "எதுக்கு? தட்டு வேணுமா? எடுத்துக்க."

"தட்டோட எல்லாத்தையும்ணே."

கூடத்தில் இருந்த பிரபா டிவியை நிறுத்தினான்.

"கொடுத்தத எவன்டா திருப்பி எடுப்பான்?" அண்ணன் எழுந்தார். "உம்பொண்டாட்டி என் கால்ல விழுந்துட்டுப் போயிருக்கா. நான் சரின்னுட்டேன். இப்ப நீ வந்து பிச்சைக்காரன் கிட்டேர்ந்து புடுங்குற மாதிரி நிக்குற?"

பேசக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்தது. சொல்லப்படாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன்.

"மக சொன்னாளா? அவ பெரிய இவளா? அன்னைக்கு நாக்காலியில சாச்சுப் போட்டுக்கிட்டு 'ஆடுது பெரியப்பா, விழுந்தாலும் விழும் பெரியப்பா'ன்னு தெரு முழுக்கக் கேக்குற மாதிரி கத்துனா. கட்டைல போற வரைக்கும் விழாதுடின்னு நான்தான் சொன்னேன். அந்த வாய் இன்னைக்கு..." 

அவர் அங்கே நிறுத்தினார். பிரபா மெதுவாக, "அப்பா, சொன்னாங்களா? என்கிட்ட நீங்க சொல்லலையே" என்றான்.

"எல்லாரும்தான் என்னென்னமோ சொல்றாங்க" என்று அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வேட்டி கதவிடுக்கு வழியாக வந்து தரையில் விழுந்தது. பிரபா அதை எடுத்து மடித்தான்.

வாழைப்பழத்தை மீனாட்சி அக்கா சாமி முன்னால் வைத்திருந்தார். "அது இருக்கட்டும்க்கா" என்றேன். "எல்லாம்னா எல்லாம்தானே தம்பி" என்று அவரே எடுத்துத் தட்டில் வைத்தார். பூவை மட்டும் எடுக்கவில்லை, தலையில் வைத்திருந்தார். வாசல் வரை வந்த பிரபா, "அங்கிள், நான் இதைப் பத்தி ஒண்ணும் பேசக் கூடாது. நீங்களும் பேசாதீங்க. பத்திரமா போங்க" என்றான்.

ரயிலில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்த மலாய்க்கார அம்மா என்னையும் தட்டையும் பார்த்து, கல்யாணமா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

7

கயலிடம் அண்ணன் கோபத்தில் சொன்னதைச் சொன்னேன். அவள் மேசையில் தலை சாய்த்துக்கொண்டாள்.

"இத எழுதுறியா? அவரே ஒத்துக்கிட்டாரே."

"தெரியலப்பா. லாயர்கிட்ட கேக்கறேன்."

கேட்டாள். வீட்டுக்குள் கோபத்தில் வந்த பேச்சைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று இரண்டு பேருமே முடிவு செய்தார்களாம். தாம்பாளம் போனதையும் வந்ததையும் மட்டும் எழுதி அனுப்பினாள். எனக்கு ஒரு பாரம் இறங்கியிருந்தது. அவள் தமிழில்தான் சொல்லியிருக்கிறாள். விழும் என்றே சொல்லியிருக்கிறாள். அதை நான் அவளிடமிருந்து நம்பாமல் அவரிடமிருந்து கேட்க வேண்டியிருந்தது என்பதை அவளும் கவனித்திருப்பாள்.

புகாரை அண்ணன் திரும்பப் பெறவில்லை. அதன் பிறகும் மாதங்கள் போயின. அஞ்சல் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வசந்தா பின்னால் நிற்பாள். கயல் தினமும் வேலைக்குப் போய்வந்தாள். முருகேசன் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை வந்தது அறிவுரைக் கடிதம். அதற்கு மேல் விசாரணை இல்லை. கயல் எனக்குத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சிகிச்சையில் தவறு காணப்படவில்லை. மருத்துவர் எடுத்த எக்ஸ்ரேயிலேயே பல்லின் நிலை தெரிகிறது. ஆனால் நோயாளியிடம் எந்த மொழியில், என்ன சொல்லப்பட்டது, அவர் என்ன பதில் சொன்னார் என்பதைக் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். இனி எழுத வேண்டும். தாம்பாளத்தைப் பற்றி ஒரே ஒரு வரி. தெரிவித்ததைக் குழு கவனத்தில் கொண்டது.

"அவ்வளவுதானா?" என்றாள் வசந்தா.

"அவ்வளவுதான்மா" என்றாள் கயல். பிறகு அழுதாள்.

மறுநாள் சனிக்கிழமை. தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போனேன். சுற்றிப் போகாமல் சோமு அண்ணன் கடை வழியாகவே போனேன். அவர் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழ்வரிசையில் பல் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். நான் கத்தரிக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.